தங்கவயல் கூட்டுறவு மோட்டார் பட்டறை: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற ஞாயிறன்று கோரம், அதாவது கூட்டத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, சேராமல் தள்ளிவைக்கப்பட்ட பேரவைக் கூட்டமே இன்று நடக்கிறது என்பதை முதலிலேயே பதிவு செய்கிறேன்.

செயற்குழு ஒன்பது முறை கூடியது. ஆயுத பூஜையும் குடியரசு நாள் கொடியேற்றமும் வழக்கம்போல் நடந்தன. நுரையீரலில் கல்தூசியோடு தங்கச் சுரங்கத்திலிருந்து மேலே வந்த நம் மூத்த உறுப்பினர் இருவர் இவ்வாண்டு காலமானார்கள்; அவர்களுக்குச் சங்கத்தின் அஞ்சலி.

தையல் கூடமோ ஊதுவத்திக் கூடமோ வைக்காமல் எதற்காக மோட்டார் பட்டறை வைத்தீர்கள் என்று புதிய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். 1902-இல் காவிரியின் சிவசமுத்திர நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த ஊர் இது. பெங்களூருக்கே அது 1905-இல்தான் போயிற்று. மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கம் வரை நீரை இறைத்துச் சுரங்கத்தைக் காத்த பம்புகளை ஓட்டியவர்களும் பழுது பார்த்தவர்களும் நம்மவர்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டு, பிறகு பம்புகளும் நின்று, சுரங்கம் நீரால் நிறைந்தது. ஆனால் கைவேலை நம்மிடமே தங்கிவிட்டது. சுற்றிலும் கோலார் மாவட்டத்து விவசாயிகள் ஆயிரம் அடிக்கும் கீழே போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டு, தண்ணீர் வற்றியும் மின்னழுத்தம் ஏறி இறங்கியும் மோட்டாரை எரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தே பட்டறையைத் தொடங்கினோம்.

சோதனைத் தொட்டியைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் செயற்குழுத் தீர்மானத்துக்கு முன்பே நான் அதைக் கட்டத் தொடங்கிவிட்டேன் என்று டீக்கடைகளில் பேசப்படுகிறது. அது உண்மைதான், தீர்மானம் பதினெட்டு நாள் கழித்து நிறைவேறியது. நடந்தது இது: சென்ற கோடையில் காயில் கட்டி (எரிந்த செப்புச் சுற்றை மாற்றிப் புதிதாகச் சுற்றி) அனுப்பிய மோட்டார் ஒன்று போரில் இறங்கிய மூன்றாம் நாளே எரிந்தது. ஆயிரம் அடிக் குழாயை வண்டி வைத்து மேலே தூக்கி மறுபடி இறக்கும் கூலி, நாம் வாங்கும் காயில் கூலியை விட அதிகம். அந்த விவசாயி பட்டறை வாசலில் நின்று கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னவன் நான், செயற்குழு அல்ல. கட்டி முடித்த மோட்டாரைத் தண்ணீரில் மூழ்கவைத்து, மின்கசிவைக் காட்டும் மெகர் கருவியை வைத்து இன்சுலேஷன் பார்த்து, மணிக்கணக்கில் ஓட்டிப் பார்க்காமல் இனி எதையும் வெளியே விடக்கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். தொட்டி வந்த பிறகு அவ்வாறு திரும்பி வந்த மோட்டார் ஒன்றுகூட இல்லை. நான் கைப்பணத்திலிருந்து கொடுத்த முன்பணம் இன்னும் எனக்குத் திரும்பவில்லை என்பதையும், கேட்டவர்களுக்காக மட்டும், குறிப்பிடுகிறேன்.

உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டாண்டாகச் சந்தா செலுத்தவில்லை. பங்குத்தொகையின் இரண்டாம் தவணையைக் கட்டாதவர்களும் அநேகமாக அவர்களே. இதைவிட மனத்தை வருத்துவது, நம் பங்குதாரர் சிலர் தங்கள் உறவினரின் மோட்டாரைக் கடன் கிடைக்கிறது என்பதற்காக வெளிக்கடைக்குக் கொண்டுபோவது. செப்புக் கம்பியைக் கைக்காசுக்கு வாங்கும் சங்கம் எவ்வளவு கடன் கொடுக்க முடியும்? எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதியை மேடையில் புகழ்கிறவர்கள், வாக்களிக்கும் நாளில் ஊரில் இருப்பதில்லை.

பயிற்சி பெற்ற ஐந்து இளைஞர்களில் மூவர் மறுபடியும் விடியற்காலை மாரிக்குப்பம் ரயில் வண்டியில் பெங்களூர் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் வேலை குறைந்தபோது அவர்களுக்கு முழுக்கூலி தர நம்மால் முடியவில்லை. தங்கிய இருவரும் இப்போது பெரியவர்கள் துணையின்றியே காயில் கட்டுகிறார்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனித்தாளில் வைத்திருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால், வேலை வரவு செலவுக்கு ஏறத்தாழ ஈடாகிறது; நிலுவைகள் வந்தால் மீதியும் இருக்கும். தணிக்கையாளர் கேட்ட இரண்டு ரசீதுகள் தேடப்படுகின்றன.

இடம் கொடுத்த உரிமையாளருக்கும், தணிக்கையாளருக்கும், ஒலிபெருக்கி தந்த நண்பருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை வேறொருவர் ஏற்பதே நல்லது என்று என் வீட்டார் கருதுகிறார்கள், நானும் மறுக்கவில்லை. முன்வருபவரிடம் சாவியையும் நிலுவைப் பட்டியலையும் சேர்த்தே ஒப்படைப்பேன். பட்டியலில் தம் பெயர் இருக்கிறதா என்று பார்க்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னை அணுகலாம். ரசீதுப் புத்தகம் கையிலேயே இருக்கிறது.

செயலாளர்