45 நாள் குட்டி விற்கும் கடைக்காரர்களுக்கு

வணக்கம்.

நான் உங்கள் வாடிக்கையாளர்தான். வீட்டில் ஒரு நாட்டு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. மூட்டை உணவு, உண்ணிக்குச் சொட்டு மருந்து, பூனை மண் என்று மாதம் ஒரு முறையாவது உங்களில் ஒருவர் கடைக்கு வந்துவிடுவேன். எங்கோ நின்று கல்லெறிகிறவளின் கடிதமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

போன சித்திரையில் ஒரு மதியம் பூனை மண் வாங்க வந்தேன். கடை வாசலில், ரோட்டைப் பார்த்தபடி ஒரு கம்பிக்கூண்டு. உள்ளே ஒரு லாப்ரடார் குட்டி, தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே உடம்பைச் சுருட்டிப் படுத்திருந்தது. கிண்ணத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த வெயிலுக்கு எவர்சில்வராவது கொஞ்சம் சில்லென்று இருந்திருக்கும் போல.

"தண்ணி வைக்கலையா தம்பி?"

"வச்சா கவுத்துருதுக்கா. பேப்பர் நனைஞ்சு நாறுது, முதலாளி திட்டுவாரு."

அந்தப் பையன் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. நான் அந்தப் பக்கம் நகர்ந்ததும் தன்னுடைய பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றிக் கம்பி இடுக்கில் நீட்டினான். குட்டி மூடியையே விழுங்கப் பார்த்தது.

எத்தனை நாள் குட்டி என்று கேட்டேன். 45 நாளாம். எந்தக் கடையில் கேட்டாலும் இதே பதில்தான். போன வாரம் 45 நாளாக இருந்த குட்டி, விற்காமல் கிடந்தால் இந்த வாரமும் 45 நாள்தான். உங்கள் கூண்டுக்குள் காலண்டர் கிழிவதே இல்லை.

2018இல் வந்த வளர்ப்புப் பிராணிக் கடை விதிகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் கடை நடத்தக் கூடாது, 8 வாரம் நிரம்பாத நாய்க்குட்டியையும் பூனைக்குட்டியையும் விற்கக் கூடாது என்கின்றன. 8 வாரம் என்றால் 56 நாள். மறைக்கக்கூடத் தோன்றாமல் நீங்கள் வாயாரச் சொல்லும் கணக்கே 11 நாள் குறைகிறது. அந்தப் 11 நாள் தாயோடும் கூடப்பிறந்த குட்டிகளோடும் இருந்திருந்தால், எவ்வளவு அழுத்திக் கடித்தால் அடுத்தவனுக்கு வலிக்கும் என்பதை விளையாட்டிலேயே கற்றிருக்கும். அதைவிட முக்கியம், அந்த வயதில்தான் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குறைந்துகொண்டே போகும். தடுப்பூசி இன்னும் முழுதாய் வேலை செய்யத் தொடங்கியிருக்காது. சரியாக அந்த நேரம் பார்த்து, ஊரெல்லாம் கை வைத்துப் போகும் கூண்டில் கொண்டுவந்து வைக்கிறீர்கள்.

நான் செய்ததும் பைத்தியக்காரத்தனம்தான். பாவமாக இருக்கிறதே என்று பேரம்கூடப் பேசாமல் அந்தக் குட்டியை வாங்கிவிட்டேன். மூன்றாம் நாள் வாந்தி. அன்று இரவே ரத்தமாகப் போனது. பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார் டாக்டர். என் சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத முன்னங்காலில் நரம்பு தேடி டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் விடிவதற்குள் போய்விட்டது. இந்தக் கிருமி உடம்புக்குள் புகுந்தபின் வெளியே தெரியவே சில நாள் ஆகும். என் வீட்டில் பிடித்த நோய் இல்லை அது.

பணத்தைத் திருப்பிக் கேட்க நான் வரவில்லை. மற்றக் குட்டிகளைப் பிரித்து வையுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். அதே கூண்டில் வேறொரு குட்டி. நான் வாங்கிப் போன இரண்டாம் நாளே வந்துவிட்டதாம். "பினாயில் போட்டுக் கழுவிட்டோம் மேடம்" என்றார் முதலாளி. பினாயிலுக்கெல்லாம் பார்வோ சாகாது. தரையிலும் கம்பியிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பிளீச்சிங் பவுடர் மாதிரி ஒன்றைக் கரைத்து ஊறவிட்டுக் கழுவினால்தான் போகும். அந்த இரண்டாவது குட்டிக்கு முன்பணம் கொடுத்தது என் பரிதாபம் என்பது வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது.

டம்ளரில் ஃபைட்டர் மீனை அடுக்கி வைத்து, "இதுக்குக் காத்து மெஷினே வேண்டாம்" என்பீர்கள். அது மேலே வந்து காற்றை உறிஞ்சும் மீன் என்பது உண்மைதான். ஆனால் தன் கழிவிலேயே ஊறிக் கிடக்கவும் முடியும் என்று அதற்கு அர்த்தமில்லையே. பத்து ரூபாய் நாணயம் அளவில் நீங்கள் விற்கும் சிவப்புக் காது ஆமை ஒரு அடி வரைகூட வளரலாம், இருபது முப்பது வருடம் வாழும். அதைச் சொல்லி விற்றவர் யாரையும் நான் பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்தி "பச்சைக்கிளி வேணுமா" என்று கேட்பவர்களிடம் என்ன சொல்ல? குரல் தாழும்போதே தெரிகிறது, 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவர்களுக்கும் தெரியுமென்று.

பிராணி வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இரண்டு டீ, இரண்டு வடை. அதைக் காட்டி உங்களைப் பயமுறுத்துகிற அளவுக்கு நான் வெகுளி இல்லை.

வாடகை, கரண்டு பில், ஆன்லைனில் விலையைக் குறைத்து விற்பவர்கள் என்று உங்கள் கஷ்டமும் எனக்குப் புரிகிறது. ஆனால் என்னைப் போன்றவர்கள் மாதாமாதம் உங்களுக்குக் கொடுப்பது உணவுக்கும் மருந்துக்கும்தான். குட்டி வேண்டுமென்று கேட்பவரைத் தாய் நாய் இருக்கும் வீட்டுக்கே அனுப்புங்கள், 56 நாள் கழித்து. தரகு வாங்கிக்கொள்ளுங்கள், வேண்டாமென்று யார் சொன்னது? வாரியத்தின் பதிவுச் சான்றிதழைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சான்றிதழ் இல்லையென்றால் கூண்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டு முதலில் அதை வாங்குங்கள்.

வருகிற முதல் தேதி மூட்டை வாங்க வருவேன். கவிழாத மண்சட்டி ஒன்றும் கொண்டுவருகிறேன். அந்தத் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், பேப்பர் நனையாது.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாடிக்கையாளர்