அம்மிணிக்கு, அந்தக் கண்ணாடி விஷயமா

அம்மிணி,

நேத்து நீ வாட்ஸ்அப்ல அனுப்புன போட்டோவ பாத்துட்டு உங்கம்மா துப்பாக்கியெல்லாம் எதுக்கு இவளுக்குன்னு ஒரு மூச்சு பேசித் தீத்துட்டா. நான் வாயே தொறக்கல, ஹூஸ்டன்ல இருக்கறவங்க துப்பாக்கி சுட்டுப் பழகற ரேஞ்சுக்குப் போறது அங்க சகஜம், மாப்பிள்ளை கூட்டிட்டுப் போனாரு நீ போன, சரி. ஆனா படத்த பெருசு பண்ணிப் பாத்தா காதுல சத்தம் அடைக்கற மஃப் இருக்கு, கண்ணுல நீ கம்ப்யூட்டருக்குப் போடற பவர் கண்ணாடி.

அது பத்தாது கண்ணு. நீ ஆறாவது படிக்கறப்ப நான் ஒரு கண்ணுல கட்டோட உக்காந்திருந்தேனே, அன்னிக்கும் பவர் கண்ணாடி போட்டுட்டுத்தான் கிரைண்டிங் வீல் முன்னாடி நின்னேன். இரும்புத் தூள் நேரா வரல, கன்னத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல விரக்கடை சந்து இருந்துச்சு பாரு, அதுல பூந்துருச்சு. டாக்டரு சொட்டு மருந்து விட்டு ஊசி முனைல அத எடுக்கறப்ப ஊசி கிட்ட வர்றது எனக்கே தெரியுது, கண்ண மூடவும் முடியல. கடுகுல கால்வாசி இருக்காது.

ரேஞ்சுலயும் கதை அதேதான். காலித் தோட்டா சூடா தெறிச்சு பக்கத்துத் தடுப்புல பட்டுத் திரும்பி வந்து கண்ணாடிக்கு உள்ள விழும், அதுக்குத்தான் முன்னாடி நீட்டிட்டு இருக்கற தொப்பி போடச் சொல்றது.

நம்ம பட்டறைக்கு அமெரிக்கா எக்ஸ்போர்ட் பார்ட்டி ஆடிட்டுக்கு வந்தப்பதான் எனக்கே இது தெரியும். லென்ஸ்லயும் ஃப்ரேம்லயும் இசட்87+ னு, அது அமெரிக்காக்காரன் பாதுகாப்புக் கண்ணாடிக்குப் போடற முத்திரை, இருக்கணும், அந்தப் பிளஸ்தான் முக்கியம், கால் இஞ்ச் இரும்பு குண்ட செகண்டுக்கு 150 அடி வேகத்துல அடிச்சுப் பாத்துட்டுப் போடற முத்திரை. மிலிட்டரி சோதனை இன்னும் கடுசு, 650 அடி வாக்குல வரும். எந்தக் கண்ணாடியும் நேரா வர்ற தோட்டாவ நிறுத்தாது, அத மனசுல வை. பவர் வேணும்னா அதுக்குன்னே இருக்கற இசட்87-2 ஃப்ரேம்ல போட்டுக்கோ. உள்ளரங்கத்துக்கு கலரில்லாத லென்ஸ் போதும், கறுப்பு வேண்டாம். காதுல மாட்டற கம்பி மெலிசா இருக்கட்டும், தடிமனா இருந்தா மஃப் ஒட்டாம சத்தம் உள்ள வந்துரும். அப்பறம் நெயில் பாலிஷ் அழிக்கற தண்ணில தொடச்சிராத, பாலிகார்பனேட் விரிசல் விட்டுரும்.

இன்னொண்ணு, 2024 ஜூலைல பெரில் புயல் அடிச்சு கரண்ட் இல்லாம கெடந்தப்ப மாப்பிள்ளை வெறுங்கண்ணோட மெஷின் ரம்பத்துல மரம் அறுத்த வீடியோ அனுப்பினியே, அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சு மரியாதைக்காக விட்டுட்டேன். புயலுக்குன்னு எடுத்து வெக்கற பையில, சுத்தி ரப்பர் வெச்சு மூஞ்சியோட ஒட்டற காகிள்ஸ் ஆளுக்கு ஒண்ணு வை, அதுல டி3 னு எழுதியிருந்தா தண்ணி தெறிக்கறதுக்கு, டி4 தூசிக்கு, டி5 ரொம்ப நைசான தூசிக்கு. உன் பழைய பவர் கண்ணாடியையும் அந்தப் பையிலயே போட்டு வை. வெள்ளத் தண்ணி இருக்கறப்ப காண்டாக்ட் லென்ஸ் தொடவே தொடாத, அமீபா கிருமி கண்ணுக்குள்ள போய் உக்காந்துக்கும்.

மாப்பிள்ளைகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத, நீயே நெட்ல பாத்தேன்னு சொல்லு. வாங்குனதும் ஃப்ரேம்ல இருக்கற எழுத்த போட்டோ எடுத்து அனுப்பு, பெருசா எடு.

அப்பா