மொட்டை மாடிப் படங்களுக்கு உதவிய எல்லாருக்கும்

எங்கள் ஒழுங்கைச் சனங்களுக்கு,

போன வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று இரவும் எங்கள் தொடர்மாடியில் விசேஷ சக்தியோடு பிறந்தவர்களின் கதையான எக்ஸ்-மென் படங்கள் ஓடியது உங்களுக்குத் தெரியும். பார்க்க வராதவர்களுக்குச் சத்தமாவது கேட்டிருக்கும். அதற்கு முதலில் மன்னிப்பு, பிறகு நன்றி.

புரொஜெக்டர் தந்த இரண்டாம் மாடி அண்ணா, எச்.டி.எம்.ஐ. வயர் கட்டை என்று தெரிந்ததும் காலி வீதிக்கு ஓடி, கடை பூட்டுகிற நேரத்தில் ஐந்து மீற்றர் வயரோடு திரும்பி வந்தார். காசு வாங்க மாட்டேன் என்கிறார். திரைக்கு நேரே அடித்த மதில் லைட்டை மூன்று இரவும் அணைத்து வைத்த பக்கத்து வீட்டு மாமாவுக்கும், நாற்பது சீனிச் சம்பல் பணிஸ் அனுப்பிய அன்ரிக்கும் நன்றி. கடற்கரைப் பக்கம் ரயில் போகும்போதெல்லாம் வசனம் கேட்காமல் போனதற்கு மட்டும் யாரிடமும் முறையிட முடியாது.

இனி முக்கியமான ஆளுக்கு வருகிறேன். முதலாம் மாடி அக்கா.

என் கணக்கு நான்கு படம்தான். 2000, 2003, அப்புறம் நேரே 2011, 2014. 2006இல் வந்த மூன்றாவதை விட்டுவிடலாம் என்றேன். முதல் இரண்டையும் எடுத்த பிரையன் சிங்கர் சூப்பர்மேன் எடுக்கப் போய்விட, வேறு கைக்கு மாறிய படம் அது. கண்ணில் கதிர் பாயும் சைக்ளொப்ஸை அரைவாசிக்கு முன்பே காணாமல் பண்ணி, பள்ளிக்கூடம் நடத்தும் பேராசிரியர் சேவியரைத் தூளாக்கி, கடைசியில் சைக்ளொப்ஸின் காதலி ஜீனையும் முடித்துவிட்டார்கள். தியேட்டரில் இருந்து வந்த கையோடு சுவரில் இருந்த போஸ்டரைக் கழற்றியவன் நான். கையில் உலோக நகம் நீளும் வுல்வரினை வைத்து 2009இல் வந்த தனிப்படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

"அதைப் போடாட்டி கடைசிப் படத்தைப் போட்டு என்ன பிரயோசனம்?" என்றார் அக்கா. விவாதிக்கவில்லை, கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். சரி, போட்டேன்.

சனி இரவு, மூன்றாவது படம் தொடங்கி அரை மணித்தியாலத்தில் மழை. வானத்துக்கே பொறுக்கவில்லை என்று பிள்ளைகள் சிரித்தார்கள். செக்கியூரிட்டி ஐயாதான் முதலில் இரண்டு கதிரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கினார். கார் நிறுத்துமிடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே நனைந்த பெட்சீட்டைக் கட்டினோம். சேவியரின் முகத்தில் தண்ணீர் வழிய வழிய மிச்சத்தைப் பார்த்தோம். அடுத்த நாள் காலை ஐயா கேட்டது: "நகம் மாத்தயா இன்னும் சாகலையா?" வுல்வரின் சாகவில்லை என்றேன்.

அந்த மூன்றாவதை எடுக்க ஒப்புக்கொண்டு, படப்பிடிப்புக்கு முன்பே விலகிய மத்யூ வான்தான் 2011 படத்தை எடுத்தார். கதை 1962இல், கியூபா ஏவுகணை நெருக்கடியில் போய் முடிகிறது. அந்த நாள் வானொலிச் செய்திகளைப் பிள்ளைகளுக்குச் சொன்ன ஓய்வுபெற்ற மாஸ்டருக்கும் நன்றி. படத்தைவிட அவர் நன்றாகச் சொன்னார்.

ஞாயிறு, கடைசிப் படம். சிங்கர் திரும்பி வந்து எடுத்தது. நடந்ததை மாற்ற, எதிர்காலத்தில் இருக்கும் வுல்வரினின் மனதை 1973க்கு அனுப்புகிறார்கள். 1981இல் வந்த மூலக் காமிக்ஸில் போகிறவள் கிட்டி பிரைட் என்ற எக்ஸ்-மென் பெண். வுல்வரினாக நடிக்க ஹியூ ஜக்மனை வைத்துக்கொண்டு வேறு யாரை அனுப்புவார்கள், அதுவும் நியாயம்தான். அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகனின் சமையலறையில், மின்னல் வேகக்காரன் குவிக்சில்வர் ஹெட்போனோடு சுவரில் ஓடி, பறந்து வரும் குண்டுகளை விரலால் தள்ளிவிட்டு, காற்றில் தெறித்த குழம்பைத் தொட்டு ருசி பார்க்கிறான். அன்ரி, உங்கள் சிரிப்புச் சத்தம் கீழ் ஒழுங்கை வரை கேட்டதாம்.

முடிவில் வுல்வரின் சேவியரின் பள்ளிக்கூடத்தில் கண் விழித்து நடந்து வருகிறார். கதவடியில் ஜீன். பக்கத்தில் சைக்ளொப்ஸ். சனிக்கிழமையில் இருந்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த நான்காம் மாடிப் பொடியன் கதிரையில் ஏறி நின்று கத்தினான்: "அவை சாகேல்லை!"

என் கணக்குப்படி போட்டிருந்தால் அவனுக்கு அது யாரோ இரண்டு பேர் கதவடியில் நிற்கிற காட்சி, அவ்வளவுதான். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி என்னை ஒருதரம் பார்த்தார். அதற்குப் பதில்தான் இந்த மடல்.

ஒரு சிவப்புக் குடையும் இரண்டு டிபன் மூடிகளும் என்னிடம் இருக்கின்றன. பெட்சீட்டைத் தோய்த்துவிட்டேன், வெயில் வந்தால் நாளைக்குத் தருகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி, இடது பக்க வீட்டுக்காரன்
வெள்ளவத்தை