விளக்குப் பலகை வெறும் அலங்காரம் அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மினி கணினிகளின் மறுவடிவங்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். உள்ளே இருப்பது உள்ளங்கையில் அடங்கும் ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி என்பதால், வெளியே மின்னும் விளக்குகளும் சுவிட்சுகளும் வயதானவர்களின் ஏக்கத்தைத் தணிக்கும் அலங்காரமே என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். 1970களின் பிற்பகுதியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பிடிபி-8/ஐ என்னும் மினி கணினி ஒன்றைப் பராமரித்தவன் நான். சென்ற ஆண்டு அதன் மறுவடிவத்தை என் மேசையில் வைத்து, ஒவ்வொரு டையோடாக சால்டர் செய்து முடித்தவனும் நானே. கட்டுரையாளர் கூறியதில் பாதியை நான் மறுக்கவில்லை. மறுபாதியைப் பற்றியே இக்கடிதம்.

1957இல் அமெரிக்காவின் மேனார்டு நகரில் ஒரு பழைய கம்பளி ஆலையின் ஒரு பகுதியில் தொழில் தொடங்கிய டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம், 1965இல் பிடிபி-8 கணினியை ஏறத்தாழ 18,000 டாலர் விலையில் வெளியிட்டது. ஒருவருடைய வீட்டு வசதிக்கு அது எட்டாத தொகைதான். ஆனால் தனியறையும் தனிக் குளிரூட்டலும் பூசாரிகளைப் போன்ற இயக்குநர்களும் இல்லாமல், ஒரு சாதாரண ஆய்வுக்கூடம் தனக்கென்று கணினி வாங்கலாம் என்ற நிலையை அந்த விலைதான் உண்டாக்கியது. அடிப்படை இயந்திரத்தின் நினைவகம் 4,096 சொற்கள் மட்டுமே; இங்கே ‘சொல்’ என்பது 12 பிட்டுகள் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) சேர்ந்த ஓர் எண். அதாவது, பிட்டுக்கு ஒன்றாக, கம்பிகளில் கோக்கப்பட்ட 49,152 ஃபெரைட் காந்த வளையங்கள். தனித்தனி டிரான்சிஸ்டர்களுக்குப் பதிலாக ஒருங்கிணைந்த சுற்றுகளைக் கொண்டு 1968இல் வந்தது 8/ஐ. இன்று அதிகம் பேரால் பொருத்தப்படும் மறுவடிவம், இதன் முகப்புப் பலகையை மூன்றில் இரண்டு பங்கு அளவில் பிரதியெடுத்ததாகும்.

அந்த முகப்புப் பலகையில்தான் கட்டுரையாளரின் பார்வை தவறுகிறது. அடுத்து எந்த முகவரியில் உள்ள கட்டளை நிறைவேறப் போகிறது, நினைவகத்திலிருந்து என்ன எடுக்கப்பட்டது, கூட்டல் நடக்கும் பதிவகத்தில் இந்தக் கணத்தில் என்ன இருக்கிறது என்பவற்றுக்குத் தனித்தனி விளக்கு வரிசைகள் அதில் இருந்தன. கட்டளை வகைகள் எட்டு மட்டுமே என்பதால், அவற்றுக்கும் எட்டு விளக்குகள். இயந்திரத்தை நிறுத்தி ஒவ்வோர் அடியாக நடக்க வைத்தால், ஓர் எண் நினைவகத்திலிருந்து புறப்பட்டு இன்னோர் எண்ணுடன் சேர்ந்து திரும்புவதைக் கண்ணால் காணலாம். இன்றைய கணினியில் நிரல் எழுதும் எவருக்கும் அந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் பார்ப்பதெல்லாம் வேறொரு நிரல் தரும் அறிக்கையை மட்டுமே. ஆகவே, பலகையை அலங்காரம் என்று சொல்வது, மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தணி என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

பலகை வழியாகப் பார்ப்பது மட்டுமன்று, பேசவும் வேண்டியிருந்தது. வெறுமையான நினைவகத்துக்கு, நிரலைத் துளைகளாகக் கொண்ட காகித நாடாவைப் படிக்கத் தெரியாது. எப்படிப் படிப்பது என்பதை முதலில் நாம்தான் பன்னிரண்டு சுவிட்சுகளின் மூலம் கற்பிக்க வேண்டும். எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில் 7756 என்ற முகவரியை ஏற்றி, 6032, 6031, 5357 என்று தொடங்கும் பதினாறு சொற்களை ஒவ்வொன்றாகப் பதிக்க வேண்டும். சுவிட்சுகள் மூன்று மூன்றாக நிறம் மாறி அமைந்திருந்ததால், ஒவ்வொரு இலக்கத்துக்கும் மூன்று விரல்கள் தாமாகவே சென்று அமர்ந்துவிடும். பணியில் சேர்ந்த புதிதில் ஒருநாள் 5357 என்பதை 5356 என்று பதித்துவிட்டேன். அந்த ஒரு பிட் வேறுபாட்டால், எழுத்து வரும்வரை காத்திருக்க வேண்டிய நிரல், வரும் எழுத்துகளில் பெரும்பகுதியைக் கவனிப்பதற்கு முன்பே அழித்துக்கொண்டிருந்தது. நாடாவோ ஒன்றும் நடவாதது போல் ஓடிக்கொண்டிருந்தது. நாடாவைப் படிக்கும் தட்டச்சு இயந்திரமான டெலிடைப்பின் வேகம் நொடிக்குப் பத்து எழுத்துகள். முழு நினைவகத்தையும் நிரப்பும் நாடா ஓடி முடியச் சற்றேறக்குறையப் பதினான்கு நிமிடங்கள் ஆகும். தவறு என்னுடையது என்பதை அறிய எனக்கு இரண்டு முழு நாடாக்கள் தேவைப்பட்டன. (மின்சாரம் போனாலும் ஃபெரைட் வளையங்கள் தம் நிலையை இழப்பதில்லை என்பதால், இந்தப் பதினாறு சொற்களை நாள்தோறும் பதிக்க வேண்டியதில்லை, கட்டுப்பாடிழந்த ஏதேனும் நிரல் அவற்றின்மேல் எழுதிவிட்டால்தான் அந்த வேலை மீண்டும் வரும்.)

மறுவடிவத்தை முடித்த அன்று இரவு அதே சொற்களைப் பதித்துப் பார்த்தேன். பதினைந்து சொற்கள் விரல்களில் இருந்தன. ஒன்றுக்கு மட்டும் கையேட்டைப் புரட்ட வேண்டியிருந்தது.

உள்ளே இருப்பது பழைய சுற்றுகள் அல்ல என்ற குறைக்கு வருகிறேன். மறுவடிவத்தின் உள்ளே இயங்குவது சிம்ஹெச் என்னும் எமுலேட்டர், அதாவது வேறோர் இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். டிஜிட்டல் நிறுவனத்தின் துணைத் தலைவராக இருந்த பாப் சப்னிக் 1993இல் தொடங்கிய பணி அது. பழைய இயந்திரங்களின் கட்டளைகளை ஒன்றுவிடாமல் அவ்வாறே நிறைவேற்றுவதால், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நாடாவில் துளையிடப்பட்ட நிரல் ஒரு பிட்கூட மாறாமல் அதில் ஓடுகிறது. ஒரு கணினி என்பது அதன் இரும்புச் சட்டமா, அது புரிந்துகொள்ளும் கட்டளைகளின் தொகுதியா என்று கேட்டால், நிரல் எழுதியவர்கள் பெரும்பாலும் இரண்டாவதையே சொல்வார்கள். 8/ஐயும் அதற்கு முந்தைய பிடிபி-8ஐ உள்ளே முற்றிலும் வேறு சுற்றுகளைக் கொண்டு செய்த மறு உருவாக்கம்தானே! அதை யாரும் போலி என்று சொன்னதில்லை.

இதற்காக மறுவடிவம் எல்லாவற்றையும் மீட்டுத் தந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அசல் 8/ஐ பலகையில் இருந்தவை இழை விளக்குகள். எரியவும் அணையவும் சிறிது நேரம் எடுத்துக்கொள்பவை. எல்.இ.டி. விளக்குகள் வெடுக்கென்று எரிந்து வெடுக்கென்று அணைவதால், அந்த மந்தமான தணலைப் போலத் தோற்றம் தருவதற்கென்றே தனி மென்பொருள் எழுதியிருக்கிறார்கள். கண் ஏமாறுகிறது, காதும் மூக்கும் ஏமாறுவதில்லை. மின்விசிறிகளின் இரைச்சல், டெலிடைப்பின் அதிர்வில் மேசை நடுங்குவது, எண்ணெய் பூசிய காகித நாடாவின் வாசனை ஆகியவை எதுவும் இதில் இல்லை. நினைவின் ஏமாற்று வேலையும் இதில் சேர்ந்துகொள்கிறது. நடுநிசியில் பழுதான சுற்று அட்டையைத் தேடி ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டியபோது அந்த இயந்திரத்தின்மேல் எனக்கு எந்த அன்பும் இருந்ததில்லை என்பதே உண்மை. ஏக்கம் அந்த இரவுகளைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கொண்டுவந்து தருகிறது என்ற அளவில் கட்டுரையாளரோடு உடன்படுகிறேன்.

ஆனால் இவ்வாறு பொருத்துகிறவர்கள் எல்லாரும் முதியவர்கள் என்று அவர் கருதுவது சரியன்று. யுனிக்ஸ் என்னும் இயக்குதளம் வளர்ந்ததும் சி என்னும் நிரல்மொழி உருப்பெற்றதும் அதே நிறுவனத்தின் பிடிபி-11 கணினி வரிசையில்தான். 1975இல் வெளிவந்த 11/70இன் மறுவடிவத்தில் அந்தப் பழைய யுனிக்ஸை ஓடவிட்டு, அதன் மூல நிரலை விளக்குகளோடு சேர்த்துப் படிக்கும் மாணவர்கள் சிலரை நான் அறிவேன். அசல் இயந்திரம் அருங்காட்சியகத்தில் அணைந்து நிற்கும் காலத்தில் பிறந்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு இது ஏக்கமாக இருக்க வழியில்லை.

எனக்குள்ள கவலை வேறு. பலகையும் சுவிட்சும் இன்று எளிதாகக் கிடைக்கின்றன. ஓடவிட நிரல்தான் வேண்டும். அந்தந்த ஆய்வுக்கூடங்களில் அவரவர் தேவைக்கு எழுதிய நிரல்கள் இன்னும் நாடாச் சுருள்களாகவும் கைப்பிரதிகளாகவும் பரண்களில் கிடக்கின்றன. அத்தகைய சுருளோ, ஓரங்களில் பென்சில் குறிப்புகள் எழுதிய கையேடோ வைத்திருக்கும் வாசகர்கள், பழைய காகிதத்தோடு அவற்றைப் போட்டுவிட வேண்டாம் என்று தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். நாடா படிக்கும் கருவி கிடைக்கவில்லை என்பதும் தடையன்று; துளைகளை வெளிச்சத்தில் பிடித்து வெறும் கண்ணால் படிக்கலாம். என்னிடம் எஞ்சிய மூன்று சுருள்களில் இரண்டு கருவியிலேயே படிக்க முடிந்தன. மூன்றாவதன் விளிம்பு கிழிந்திருப்பதால், மேசை விளக்கின் முன் அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு இருநூறு வரிசைகள் வீதம் எழுதி வருகிறேன். மூன்றில் இரண்டு பங்கு முடிந்திருக்கிறது.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்