செயலாளர் ஆண்டறிக்கை 2024: வாயு என்று நினைத்தது

எல்லாருக்கும் வணக்கம். வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு ஆறு முறை கூடியது, அதில் ஒரு முறை ஆள் போதாமல் கலைந்தது. பொங்கல் நன்றாக நடந்தது, ஜொகூர் சுற்றுலா மழையில் போனது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கிப் பட்டியல் என் பையில் இருக்கிறது, பெயர் வாசிக்க மாட்டேன், பயப்படாதீர்கள்.

இந்த ஆண்டு மூன்று உறுப்பினர்களை இழந்தோம். மூவருக்கும் மாரடைப்பு, இருவருக்கு அறுபது வயதுகூட ஆகவில்லை. ஒருவர் நம் விழாக்களுக்கெல்லாம் நாற்காலி அடுக்கிக் கொடுத்த அண்ணன். ராத்திரி பத்து மணிக்கு நெஞ்சை அழுத்துகிறது என்றிருக்கிறார், வாயுவாக இருக்கும் என்று இஞ்சித் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவர் விடிவதற்குள் போய்விட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் காசு கேட்பார்களே என்று யோசித்தாராம், அவர் வீட்டு அக்கா சொல்லி அழுதார். இங்கே சிங்கப்பூரில் உண்மையான அவசரத்துக்கு 995 என்ற எண்ணில் கூப்பிட்டால் வரும் ஆம்புலன்ஸுக்குக் கட்டணம் கிடையாது. இத்தனை வருடம் செயலாளராக இருக்கிற நான் அதை ஒரு கூட்டத்திலும் சொன்னதில்லை.

அதனால்தான் ஜூன் மாதக் கூட்டத்தில் பட்டிமன்றத்தை ஒத்திவைத்துவிட்டு, ஓய்வுபெற்ற தாதியான நம் உறுப்பினர் ஒருவரைப் பேச அழைத்தோம். ஒரு மணி நேரம் பேசினார், யாரும் கைப்பேசியைத் தொடவில்லை. சிங்கப்பூரில் நிகழும் மரணங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இதயநோய் அல்லது பக்கவாதத்தால் என்று ஆரம்பித்தார். இந்தியர்களான நம்மவர்களுக்கு இதயநோய் அதிகம் என்பது நேற்றுத் தெரிந்த செய்தியும் இல்லை. டாக்டர் தனராஜும் அவருடன் இருந்தவர்களும் இங்கே நடந்த 9 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரேதப் பரிசோதனைப் பதிவுகளைப் புரட்டி 1959-லேயே எழுதிவிட்டார்கள். அப்புறம் 1980 முதல் 1984 வரையிலான மரணப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 30 முதல் 69 வயதுக்குள் இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் விகிதம் சீன ஆண்களைவிட இந்திய ஆண்களுக்கு ஏறக்குறைய 4 மடங்கு, பெண்களுக்கு 3 மடங்குக்கும் மேல். இப்போதைய மாரடைப்புப் பதிவேட்டில் மாரடைப்பு விகிதம் அதிகம் உள்ளவர்களில் மலாய்க்காரர்கள் முதலில், நாம் அடுத்து.

ஒரு தம்பி எழுந்து, "செய்தியில் பார்த்தால் இறந்தவர்களில் சீனர்கள்தானே அதிகம்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, சீனர்களில் முதியவர்களும் அதிகம், அதனால் தலையை மட்டும் எண்ணினால் நம் பங்கு சின்னதாகத்தான் தெரியும். வயது வித்தியாசத்தைச் சரிக்கட்டி, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட்டால்தான் உண்மை தெரியும். நாடு முழுக்கவும் அப்படித்தான், முதியவர்கள் பெருகுவதால் மாரடைப்பு எண்ணிக்கை கூடிக்கொண்டே போனாலும், வயதைச் சரிக்கட்டிய மரண விகிதம் பல வருடங்களாக இறங்கியிருக்கிறது.

காரணம் சிகரெட் மட்டும்தான் என்று நம்பியிருந்த எனக்கு அடுத்தது அதிர்ச்சி. இந்த வித்தியாசத்தைப் புகையாலோ ரத்த அழுத்தத்தாலோ விளக்க முடியவில்லையாம். வயிற்றுக் கொழுப்பு, நல்ல கொலஸ்ட்ரால் குறைவு, இன்சுலின் சரியாக வேலை செய்யாதது, எல்லாம் சர்க்கரைப் பக்கம்தான் இழுக்கிறது. 2010 தேசியச் சுகாதார ஆய்வில் நீரிழிவு இந்தியர்களுக்கு 17.2 சதவீதம், சீனர்களுக்கு 9.7. சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் சினிமாவில் வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் வலி வராமலும் போகலாம், மூச்சுத் திணறல், வியர்வை, காரணமில்லாத களைப்பு என்று வரும். நாம் அதைத்தான் வாயு என்கிறோம்.

சரி, சங்கம் என்ன செய்தது? ஒரு ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் புளோக் புளோக்காக நடந்து, இதயத்துடிப்பை மீட்கும் ஏஇடி கருவி எந்த மின்தூக்கி முகப்பில் இருக்கிறது என்று பார்த்தோம். இரண்டு புளோக்குக்கு ஒன்று என்ற கணக்கில் வைத்திருக்கிறார்கள், இருபது வருடமாக அதே புளோக்கில் இருப்பவர்களுக்கே இடம் தெரியவில்லை, எனக்கும்தான். குடும்ப மருத்துவர் ஒருவரிடம் பதிந்து நோய் வருமுன் கவனிக்கும் அரசின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேராத மூத்தவர்களைக் கூட்டிப்போய்ச் சேர்த்தோம். வராதவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், சொன்ன காரணம் "எனக்கு ஒன்றுமில்லை". நாற்காலி அண்ணனும் போன வருடம் அதைத்தான் சொன்னார்.

தீபாவளி விருந்து பற்றிப் புகார் வந்தது, ஒப்புக்கொள்கிறேன். நெய்ச்சோற்றைக் குறைத்து, குலோப் ஜாமூனை ஒன்றாக்கியது என் யோசனைதான். ஆனால் அதே நாளில் இனிப்புப் பானம் மூன்று பெட்டி வாங்கியதும் நான்தான், அதை யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு இதயமீட்புப் பயிற்சி நடத்தச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது, கையை உயர்த்தினால் பெயர் எழுதிக்கொள்கிறேன். இன்று கூட்டம் முடிந்ததும் தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர் உண்டு, சீனியும் போடாமல். வேண்டுமென்றால் தலைவரிடம் முறையிடுங்கள், அவரும் கீழே காப்பிக்கடைக்குத்தான் போவார்.