சின்னவன் கேரவன் வாங்கும் முன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். இங்கே நாங்கள் எல்லாரும் நலம். அங்கே நீங்கள், அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் சின்னவன் இங்கே வேலையில் சேர்ந்த கையோடு பழைய கேரவன் ஒன்று வாங்கப் போகிறேன் என்று சொல்கிறானாமே. அது என்ன வண்டி, வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற வீடுதான் கேரவன். ஆஸ்திரேலியாவில் இது பணக்காரர்கள் மட்டும் வைத்திருக்கும் சமாசாரம் இல்லை. பள்ளி விடுமுறை விட்டால் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். ஓய்வு பெற்றவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் சுற்றுவார்கள். அவர்களுக்கு 'கிரே நோமட்', அதாவது நரைத்த நாடோடி, என்று பெயரே உண்டு. மே முதல் செப்டம்பர் வரை தெற்கே குளிர், வடக்கே மழை இல்லாத காலம். அந்த மாதங்களில் வடக்கே போகும் நெடுஞ்சாலையில் கேரவன்கள் வரிசை கட்டிப் போகும்.

இப்படிச் சுற்றும் வண்டிகளில் சில வகை உண்டு. மோட்டார்ஹோம் என்பது எஞ்சினோடு சேர்ந்த வீடு. சுமையோடு மொத்தம் 4.5 டன்னுக்குள் இருந்தால் சாதாரண கார் லைசென்ஸ் போதும். கேரவனும் கேம்பர் டிரெய்லரும் காருக்குப் பின்னால் இழுப்பவை. கேம்பரில் கூடாரம் மடங்கிக் கிடக்கும், போன இடத்தில் விரித்துக்கொள்ள வேண்டும். மோட்டார்ஹோம் வைத்திருப்பவர் பால் பாக்கெட் வாங்கப் போனாலும் வீட்டையே கிளப்ப வேண்டும். கேரவனைக் கழற்றி நிறுத்திவிட்டுக் காரில் எங்கும் போகலாம், கவனிக்க இன்னொரு எஞ்சினும் இல்லை. அவன் வயதுக்கும் வரும்படிக்கும் ஒற்றை ஆக்சில் உள்ள சின்னக் கேரவன்தான் சரி என்பது என் அபிப்பிராயம்.

உள்ளே கட்டிலையும் அடுப்பையும் பார்த்து மயங்குவதற்கு முன், குனிந்து எடை விவரம் பொறித்திருக்கும் அதன் தகட்டைப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் லாரி ஓட்டியவர், சட்டென்று பிடித்துக்கொள்வீர்கள்: எல்லாம் எடைக் கணக்குதான். தகட்டில் 'டேர்' என்று வெற்று எடை போட்டிருக்கும். 'ஏ.டி.எம்.' என்பது முழுச் சுமையோடு, காரிலிருந்து கழற்றிய நிலையில் வண்டி இருக்கக்கூடிய உச்ச எடை. டேர் 2,000 கிலோ, ஏ.டி.எம். 2,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுவதற்கு 500 கிலோ இருக்கிறதே என்று தோன்றும். 95 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டையும் நிரப்பினால் 190 கிலோ போயிற்று. 9 கிலோ கேஸ் இரண்டு, 18. மிச்சமிருக்கும் 292 கிலோவுக்குள்தான் படுக்கை, பாத்திரம், துணிமணி, நாற்காலி, கருவிப்பெட்டி எல்லாம் அடங்க வேண்டும். அது போக, டேர் என்பது தொழிற்சாலையை விட்டு வந்த அன்றைய எடை. பிறகு மாட்டிய பந்தல், சோலார் தகடு, கூடுதல் பாட்டரி எதுவும் அதில் சேராது. பழைய வண்டியில் தகட்டை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். வேபிரிட்ஜ் என்கிற எடைமேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

காருக்கும் இதே கணக்கு உண்டு. 3,500 கிலோ இழுக்கும் என்று விளம்பரம் செய்வார்கள். காரும் கேரவனும் சேர்ந்து இவ்வளவுதான் என்று இன்னொரு வரம்பு இருப்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வரம்பு 6,000 என்றால், 3,500 இழுக்கும்போது காருக்கு 2,500தான். காரே 2,200 கிலோ என்றால், ஆட்களுக்கும் சாமானுக்கும் டீசலுக்கும் 300 கிலோவில் முடித்துக்கொள்ள வேண்டும். வரம்பை மீறி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம்.

எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது முக்கியம். காரின் பின்னால் 50 மில்லிமீட்டர் இரும்புக் குண்டு ஒன்று இருக்கும். கேரவனின் மூக்கு அதன் மேல் உட்காரும். கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு அந்தக் குண்டின் மேல் இறங்க வேண்டும் என்பது இங்குள்ள வழக்கம். கனமான சாமானெல்லாம் ஆக்சிலை ஒட்டித் தரையோடு இருக்க வேண்டும். பின் பம்பரில் இரண்டு சைக்கிள், ஸ்டெப்னி டயர், கருவிப்பெட்டி என்று தொங்கவிட்டால் குண்டின் மேல் பாரம் குறையும், பின்பகுதி ஊஞ்சல் போல ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடி, கடைசியில் காரையே திருப்பிப் போட்டுவிடும். ஆட்டம் தொடங்கினால் கார் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை எதிர்த்துத் திருப்பவும் கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டாஷ்போர்டில் இருக்கும் கன்ட்ரோலரால் கேரவன் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். கேரவன் பின்னால் இழுத்துப் பிடிக்கும், வரிசை நேராகிவிடும்.

அளப்பது சுலபம். கேரவனை மாட்டியபடியே அதன் சக்கரங்களை மட்டும் வேபிரிட்ஜில் ஏற்றி ஒரு எடை. கழற்றி, மூக்கைத் தாங்கும் முன்சக்கர ஜாக்கியோடு முழுக் கேரவனையும் அதே மேடையில் தனியாக நிறுத்தி இன்னொரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குண்டின் மேல் விழும் பாரம்.

பிரேக் விஷயத்தில் சட்டம் கறார். 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கு பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் வேண்டும். கேரவன் அறுத்துக்கொண்டு போனால் தானாகப் பிடித்து 15 நிமிடமாவது நிறுத்தி வைக்கும் ஏற்பாடும் வேண்டும். அதற்கான கம்பியைக் காரின் உடம்பில் மாட்ட வேண்டும், பாதுகாப்புச் சங்கிலியில் அல்ல. மாட்டும்போது கொக்கி விழுந்த சத்தம் கேட்டால் போதாது. ஜாக்கியைச் சுற்றி மூக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். காரின் பின்பக்கமும் கூடவே எழும்பினால்தான் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம். பிறகு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டி, ஜாக்கியை ஏற்றி, கேரவனின் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, விளக்குகளைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். ரிவர்ஸ் எடுக்க ஒரு வழி: ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால், கை போகும் பக்கமே கேரவனின் பின்பக்கம் போகும். குட்டி டிரெய்லர்தான் சட்டென்று மடங்கும், நீளமான கேரவன் நிதானமாகத் திரும்பும்.

பழைய கேரவனில் பெரிய வியாதி ஈரம். பலவற்றில் வெளியே அலுமினியத் தகடு, உள்ளே மரச்சட்டம். கூரை மூலையிலோ ஜன்னல் ஓரத்திலோ சீலன்ட் வெடித்தால் மழைநீர் உள்ளே இறங்கி மரத்தை உளுக்கவைக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அலமாரிக்குள் தலையை விட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மேல் மூலைகளையும், முன் ஜன்னலுக்குக் கீழேயும் கட்டைவிரலால் அழுத்தட்டும். சுவர் மெத்தென்று அமுங்கினாலோ, சுவர்த்தாள் அலையலையாக இருந்தாலோ திரும்பி வந்துவிட வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்த ஒற்றை மூலையும் சந்தேகத்துக்குரியது.

டயரில் பட்டன் தேய்ந்திருக்காது, ஆனால் வயசாகியிருக்கும். பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019ல் 23ஆவது வாரம். வெயிலில் நின்றே விரிசல் விட்ட டயர்கள்தான் நடுவழியில் காலை வாரும். வீல் பேரிங்குக்கு வருடம் ஒருமுறை அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் மாற்ற வேண்டும். நிறுத்தும் இடத்திலெல்லாம் ஹப்பைத் தொட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் பேரிங் போகிறது, இல்லையென்றால் பிரேக் பிடித்தபடி இருக்கிறது.

கரன்ட் இரண்டு வகை. கேரவன் பார்க்கில் 240 வோல்ட், 15 ஆம்பியர். அந்த பிளக்கில் எர்த் பின் அகலம், வீட்டு 10 ஆம்பியர் சாக்கெட்டில் நுழையாது. பின்னை அரத்தால் ராவி நுழைப்பவர்கள் இருக்கிறார்கள், ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும். காட்டில் தங்கினால் 12 வோல்ட் பாட்டரிதான். பழைய ஈய அமில வகையான ஏ.ஜி.எம். பாட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அது சீக்கிரம் செத்துவிடும். லித்தியத்தில் 80 சதவீதம் எடுக்கலாம், எடையும் பாதி. ஆனால் உறைநிலைக்குக் கீழே லித்தியத்துக்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. கேஸிலும் ஓடும் ஃபிரிட்ஜாக இருந்தால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும், சாய்ந்தால் உள்ளே அம்மோனியா சுற்றாது, குளிராது. 12 வோல்ட்டில் அது பாட்டரியைக் குடித்துவிடும் என்பதால் ஓடும்போது மட்டும்தான் அப்படிப் போடுவது. பெட்ரோல் பங்கில் நுழையும்முன் கேஸை மூட வேண்டும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துத் தூங்கவே கூடாது, அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு விஷ வாயு, அதற்கு வாசனையும் கிடையாது.

கழிவறைத் தொட்டி சுமார் 20 லிட்டர், இருவருக்கு இரண்டு மூன்று நாள் வரும். அதற்கென்று ஊருக்கு ஊர் இருக்கும் இடத்தில்தான் கொட்ட வேண்டும். கொட்டும்போது காற்றுப் பொத்தானை அழுத்தினால் தெறிக்காது.

ஓடும் கேரவனுக்குள் யாரும் உட்காரக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவில் பலகையில் 110 என்றிருந்தாலும் இழுப்பவருக்கு 100தான். உள்நாட்டில் பல டிரெய்லர்களை வரிசையாக இழுக்கும், 53.5 மீட்டர் வரை நீளமான ரோடு ட்ரெயின் லாரிகள் வரும். உங்கள் லாரியெல்லாம் அதன் முன்னால் பொம்மை. அது முந்தும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். ஓரம் ஒதுங்காமல் நேராக, அதே வேகத்தில் போக வேண்டும். அதன் டிரைவரோடு பேச, வண்டியில் வைத்திருக்கும் யு.எச்.எஃப். வாக்கி-டாக்கி ரேடியோவில் 40ஆவது சேனல். நல்லர்பார் சமவெளி வழியாக மேற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போனால் மாநில எல்லைச் சோதனையில் பழம், காய்கறி, தேன் எல்லாவற்றையும் பறிமுதல் செய்துவிடுவார்கள், அதனால் அதற்கு முன்பே சமைத்துத் தீர்த்துவிட வேண்டும்.

அவன் பார்த்து வைத்திருக்கும் கேரவனின் தகட்டையும், டயரின் அந்த நான்கு இலக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். காரின் மாடலையும் வருடத்தையும் எழுதட்டும். நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன், அதற்குப் பிறகு அட்வான்ஸ் கொடுத்தால் போதும்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி