சரஸுவுக்கு, சுலோசனா விஷயமாக

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சரஸு,

பேத்திக்குக் காய்ச்சல் விட்டதா? இங்கே அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு நிறுத்துகிறார். டி.வி. கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் பேச ஆள் வேண்டியிருக்கிறது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, அதை விடு.

போன தடவை போனில் நான் பம்பாய் ஊமைப்பட நடிகை சுலோசனாவைப் பற்றி ஆரம்பித்ததுமே, "பாவம், பேசும்படம் வந்ததும் போயிட்டா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்கு ஆறவே இல்லை. அவள் நம்ம கூட்டம்டி. டெலிபோன் ஆபரேட்டர்!

பிற்காலத்து ஹிந்திப் படங்களில் அம்மாவாக வருகிற சுலோசனா வேறு. நான் சொல்கிறவளின் சொந்தப் பெயர் ரூபி மையர்ஸ். 1907-ல் புனாவில் பாக்தாதி யூதக் குடும்பத்தில் பிறந்தவள். எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளை கோஹினூர் பிலிம் கம்பெனியின் மோகன் பவ்னானி சினிமாவுக்குக் கூப்பிட்டார். முதலில் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவர் விடவில்லை.

மாட்டேன் என்றதில் ஆச்சரியம் இல்லை. பால்கே 1913-ல் இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமான ராஜா ஹரிச்சந்திராவை எடுத்தபோது, ராஜாவின் மனைவி தாராமதி (நம்ம சந்திரமதிதான்) வேஷத்துக்கு ஒரு பெண்கூடக் கிடைக்கவில்லை. சாளுங்கே என்கிற ஆண்பிள்ளைதான் புடவை கட்டினார். நாலு வருஷம் கழித்து லங்கா தகனத்தில் ராமரும் அவரே, சீதையும் அவரே! கூத்தாடி என்ற பேச்சுக்குப் பயந்து மற்ற வீடுகளில் பெண்களை வெளியே விடாத அந்தக் காலத்தில், ஏற்கெனவே ஆபீஸுக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டிருந்த ஆங்கிலோ இந்தியப் பெண்களும் யூதப் பெண்களும் ஸ்டூடியோவுக்குள் வந்தார்கள். வந்ததும் புராணத்திலிருந்து ஒரு பெயர் வைத்தார்கள். ரெனீ ஸ்மித் சீதா தேவி ஆனாள், ரூபி மையர்ஸ் சுலோசனா ஆனாள்.

1926-ல் அவள் நடித்த படங்களின் பெயரைக் கேள்: டைப்பிஸ்ட் கேர்ள், டெலிபோன் கேர்ள், சினிமா குவீன். எல்லாம் வேலைக்குப் போகிற பெண்கள். டெலிபோன் கேர்ளுக்கு யாரும் அவளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டாம், சுவிட்ச்போர்டில் வயரை எடுத்துச் சொருகப் பழகிய அந்தக் கை ஒன்றே போதும். அடுத்த வருஷம் வைல்ட்கேட் ஆஃப் பாம்பே. அதில் எட்டு வேஷம் போட்டாள். தோட்டக்காரன், போலீஸ்காரன், ஹைதராபாத் கனவான், வாழைப்பழக்காரி, பொன்னிற முடி வெள்ளைக்காரி என்று ஆணும் பெண்ணுமாக எட்டு. கமல்ஹாசனின் பத்து வேஷத்துக்கு நாம் வாய் பிளந்தோமே!

டைப்பிஸ்ட் கேர்ளில் அவளோடு நடித்தவர் நம்ம புதுக்கோட்டைக்காரர், ராஜா சாண்டோ. சொந்தப் பெயர் நாகலிங்கம். உடம்பை வளர்த்துக்கொண்டு பம்பாய் போய்ச் சேர்ந்த பயில்வான். பின்னால் மதராஸுக்குத் திரும்பி ஊமைப்படங்களை டைரக்ட் செய்தார்.

பிறகு ரூபி இம்பீரியல் கம்பெனிக்கு வந்தாள். 1928-ல் லாகூர்க் கம்பெனி ஒன்று அனார்கலி கதையைப் பெரிய செலவில் சீதா தேவியை வைத்து எடுத்துக்கொண்டிருந்தது. இம்பீரியல் முதலாளி அர்தேஷிர் இரானி இவளை வைத்து அதே கதையை அவசர அவசரமாக எடுத்து, முந்திக்கொண்டு ரிலீஸ் செய்துவிட்டார். ஓடியது இவருடையதுதான். நியாயமா என்று கேட்காதே, சினிமா வியாபாரம் அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது.

இனி நீ சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

ஊமைப்படத்தில் கேமரா ஓடும்போதே டைரக்டர் "திரும்பு, சிரி, அழு" என்று கத்தலாம். நடிகை எந்த பாஷையில் வாயசைத்தாலும் கவலையில்லை, நடுவில் எழுத்துப் போட்டுவிடுவார்கள். 1931 மார்ச் 14-ல் இதே இரானி எடுத்த, இந்தியாவின் முதல் பேசும்படமான ஆலம் ஆரா வந்ததும் அதெல்லாம் மாறிவிட்டது. ஸ்டூடியோ பக்கத்திலேயே ரயில் பாதை இருந்ததால், சத்தம் அடங்கிய நடுராத்திரிக்கு மேல்தான் அந்தப் படத்தை எடுக்க முடிந்தது, நம்ம நைட் டூட்டி மாதிரி. கதாநாயகி வேஷம் சுபைதாவுக்குப் போயிற்று. கம்பெனியின் பெரிய நட்சத்திரமான சுலோசனாவுக்கு ஹிந்துஸ்தானி சரியாக வராது.

அதே வருஷம் அதே கம்பெனிதான் நம்ம முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸையும் எடுத்தது. டி.பி. ராஜலட்சுமி இங்கிருந்து பம்பாய்க்கு ரயிலேறிப் போய்த் தமிழில் பேசினாள், பாடினாள். கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னான். அக்டோபர் 31-ந் தேதி மதராஸ் கினிமா சென்ட்ரலில் வெளியாகிக் கூட்டம் நெரிந்தது. ஒரே முதலாளி கொண்டுவந்த, சத்தம் பிடிக்கிற ஒரே மெஷின் ராஜலட்சுமிக்குக் கதவைத் திறந்து ரூபிக்கு அடைத்தது. இதைப் படித்தபோது எனக்கு ராத்திரி வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

ஆனால் அடைத்த கதவோடு அவள் கதை முடிந்துவிட்டதாக நீ நினைக்கிறாய் பார், அங்கேதான் எனக்குக் கோபம். அவள் ஒரு வருஷம் ஒதுங்கி உட்கார்ந்து ஹிந்துஸ்தானி படித்தாள். 1932-ல் தன்னுடைய மாதுரியையே பேசும்படமாக எடுக்க வைத்துத் திரும்பி வந்தாள். ஊமையாக நடித்த இந்திரா பி.ஏ. என்கிற படம் 1934-ல் இந்திரா எம்.ஏ. ஆகிப் பேசியது. படிப்பும் ஒரு படி ஏறிவிட்டது! 1935-ல் அனார்கலி, அடுத்த வருஷம் வைல்ட்கேட், எல்லாம் மறுபடியும். மற்றவர்கள் நூறு ரூபாய்க்கு நடித்த காலத்தில் இவளுக்கு மாசம் 5,000 ரூபாய், பம்பாய் கவர்னரைவிட அதிகம் என்று பேசிக்கொண்டார்கள். சொந்தமாக ரூபி பிக்ஸ் என்று கம்பெனியும் வைத்தாள். பேச்சு வராமல் போனவள் செய்கிற காரியமா இது?

ஆபரேட்டர் இல்லாமலே வெளியூருக்கு நேராக டயல் செய்கிற எஸ்.டி.டி. வந்தபோது நம்மையும் இப்படித்தான் எல்லாரும் துக்கம் விசாரித்தார்கள். நாம் என்ன செய்தோம்? 180-ல் வெளியூர்க் கால் பதிந்துகொள்கிற டிரங்க் புக்கிங் பார்த்தவர்கள் 197-ல் போய் உட்கார்ந்து டைரக்டரி நம்பர் சொன்னோம். நீ ஒரு வாரம் அழுதாய், அப்புறம் சூப்பர்வைசருக்கே கற்றுக்கொடுத்தாய்.

அவள் பின்னால் இறங்கியதற்கு என் கணக்கு வேறு. பாஷையை ஒரு வருஷத்தில் படிக்கலாம், பாட்டை முடியாது. பின்னணி பாடும் வழக்கம் ஊன்றாத அந்த நாளில், நடிகை என்றால் தானே பாட வேண்டும் என்று ஜனம் எதிர்பார்த்தது. வயதும் முப்பதைத் தொட்டது. 1938-ல் இம்பீரியலையே மூடிவிட்டார்கள். இத்தனையும் சேர்ந்து இழுத்தால் யார்தான் நிற்பார்கள்?

1953-ல் பீனா ராய் நடித்த அனார்கலி வந்தது. அதில் ரூபிக்குக் கிடைத்தது சலீமின் தாயார் ஜோதாபாய் வேஷம். இரண்டு தடவை சலீமின் காதலியாக நின்றவள் மூன்றாம் தடவை அவனுக்கு அம்மா. எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நான் துடைக்கவில்லை. சம்பளம் உண்டு, வேஷம் உண்டு, போனாள். அப்புறமும் இருபது வருஷத்துக்கு மேல் சின்னச் சின்ன வேஷம் போட்டாள். நம்ம லட்சுமி ஹிந்தியில் நடித்த ஜூலி ஞாபகமிருக்கிறதா, 1975-ல் வந்தது? அதிலும் இருக்கிறாள். 1973-ஆம் வருஷத்து பால்கே விருது கிடைத்தது. தாராமதிக்குப் பெண் தேடி அலுத்த மனிதர் பெயரில் கொடுக்கிற விருது அது. 1983-ல் பம்பாயில் காலமானாள்.

எனக்குத் துக்கமெல்லாம் அந்தப் படங்களை நினைத்துத்தான். இந்தியாவில் ஊமைப்படம் ஆயிரத்துக்கு மேல் எடுத்தார்கள், மிஞ்சியது மிகக் கொஞ்சம். அந்தக் கால நைட்ரேட் பிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், இல்லாவிட்டால் தானே நைந்து பொடியாகும். வெள்ளிக்காகக் கழுவி எடுத்தவர்களும் உண்டு.

சித்திரை பிறந்ததும் இங்கே வருவதாகச் சொன்னாயே, மாறிவிடாதே. ரயில் டிக்கெட்டை இப்போதே எடுக்கச் சொல், பள்ளிக்கூடம் விட்டுவிட்டால் கிடைக்காது. ஜூலியைத் தேடி வைக்கச் சொல்லி என் பேரனிடம் சொல்லியிருக்கிறேன். ராஜலட்சுமி பிறகு தானே படம் டைரக்ட் செய்த கதையை நேரில் சொல்கிறேன், அது இன்னும் பெரிசு.

உன்,
விசாலம்